மலை இல்லாத கடற்கரையில் மவுண்டன் பைக்: வாங்கலாமா, எதை வாங்கலாம்?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் நாங்கள் ஐந்து நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். தலைக்கு இருபதாயிரம் வரை போடலாம். கடைக்குப் போனால் முன்பக்கம் ஷாக் வைத்த மவுண்டன் பைக்கைத்தான் காட்டுகிறார்கள். ஒரு மேடுகூட இல்லாத ஊரில் அது தேவையா? எங்களில் ஒருவன் போன வருடம் வாங்கியது இப்போதே துருப்பிடித்து, செயின் கிறீச்சென்று கத்துகிறது. எங்கே ஓட்டுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: மவுண்டன் பைக் வாங்குங்கள், ஷாக் வைத்ததை விட்டுவிடுங்கள். உங்கள் விலைக்கு வரும் முன் ஷாக் பெரும்பாலும் இரும்பு ஸ்பிரிங் வைத்தது. அது மட்டுமே இரண்டரை கிலோ வரை எடை வரும். கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் வேகமாக இறங்கும்போது அதற்கு வேலை உண்டு. ஏர்வாடிக்குப் போகும் மண் பாதையில் அது சும்மா கூட வரும் சுமை. போதாததற்கு ஷாக்கின் குழாய் மேல் உப்புக் காற்று படிந்து புள்ளி புள்ளியாகத் துரு ஏறும், சீல் தேய்ந்து மணல் உள்ளே போகும். அப்புறம் அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

மவுண்டன் பைக்கில் உங்களுக்கு உபயோகமானவை மூன்றுதான்: அகல டயர், இலகுவான கியர், டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் தாராளமான இடைவெளி. ஷாக் இல்லாத சாதா ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை), அலுமினிய பிரேம், 2.1 அங்குலத்துக்குக் குறையாத டயர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், இப்படி ஒன்றைக் கேளுங்கள். 2.3, 2.4 டயர் உள்ளே போகுமா என்று விரலை விட்டுப் பாருங்கள். நாலு அங்குல டயர் வைத்த ஃபேட் பைக்கைப் பார்த்ததும் ஆசை வரும், மணலில் அது நன்றாகவே போகும். ஆனால் கடற்கரை மணலுக்குப் போய்ச் சேர முதலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தார் ரோட்டில் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். டயர் கிழிந்தால் பக்கத்தில் எங்கும் கிடைக்காது. குழுவில் ஒருத்தர் மட்டும் வாங்கினால் அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார்.

மவுண்டன் பைக் பிறந்த கதையும் இந்த மாதிரிதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில நண்பர்கள் பழைய தடிடயர் சைக்கிள்களை டமால்பைஸ் மலைக்குக் கொண்டுபோய்த் தீயணைப்புப் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக், இறங்குவதற்குள் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகை வரும். ஒவ்வொரு தடவையும் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையெல்லாம் பட்ட பிறகுதான், அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977 வாக்கில் அந்த மலைக்கென்றே ஒரு சைக்கிள் கட்டத் தொடங்கினார். அவர்கள் மலைக்குத் தகுந்தபடி சைக்கிளை மாற்றினார்கள். உங்கள் ஊரில் மாற்ற வேண்டியது மணல், முள், உப்பு இந்த மூன்றுக்கும்.

ஐந்து பேரும் ஒரே கம்பெனி வாங்க வேண்டியதில்லை. சக்கர அளவும் வால்வும் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். எல்லோருக்கும் 29 அங்குலம் என்றால் 29, 27.5 என்றால் 27.5. அப்போதுதான் ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு மூன்று டியூப், ஒரு பம்ப், ஒரு செயின் கழற்றி, அந்தச் செயினுக்கேற்ற இரண்டு இணைப்புக் கண்ணி போதும். வால்வு, மோட்டார் சைக்கிளில் இருக்கிற அதே தடி வால்வாக இருக்கட்டும். மெல்லிய வால்வு வைத்த டியூபோடு வழியில் நின்றால் பெட்ரோல் பங்கில்கூடக் காற்று பிடிக்க முடியாது.

முள்ளுக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுவதில் பாதி வேலை முள்தான். சீமைக் கருவேல முள் மெல்லிய டயரை ஒரே குத்தாகக் குத்திவிடும். கரிமூட்டம் போடுகிற இடங்களைச் சுற்றி, விறகு வெட்டி இழுத்த பாதை முழுக்க முள் சிதறிக் கிடக்கும். புதிதாக வெட்டிய மரம் கண்ணில் பட்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். மழைக்குப் பிறகு நெருஞ்சி வேறு. அது டயரில் ஒட்டிக்கொண்டே வந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.

பஞ்சர் ஒட்டுகிறவர்கள் பலர் தவற விடுவது ஒன்று உண்டு. டியூபை ஒட்டிவிட்டு டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள், ஒன்றும் தட்டுப்படாது. கருவேல முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நின்று, சைக்கிளில் ஆள் ஏறி எடை விழும்போதுதான் வெளியே எட்டிப் பார்க்கும். கைக்குப் பதில் ஒரு பஞ்சுத் துண்டை டயருக்குள் சுற்றிலும் இழுங்கள். எங்கே பஞ்சு நூல் பிரிந்து மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. மூக்குக் கொறடு ஒன்று பையில் இருந்தால் இழுத்துவிடலாம், இல்லையென்றால் ஊசியால் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சின்ன ஓட்டைகளைத் தானே மூடிவிடும். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

மணலில் ஓட்டுவது பழகினால் வரும். எழுபது கிலோ ஆள் என்றால் டயரில் காற்றழுத்தம் தார் ரோட்டில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ., மண் பாதையில் 25, மணலில் 18 வரை இறக்கலாம். டியூப் போட்ட டயரில் அதற்கும் கீழே போனால், கல்லில் இடித்ததும் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். மணல் தொடங்குவதற்கு முன்பே கியரை இலகுவாக்குங்கள். உள்ளே போன பிறகு மாற்றினால் செயின் கரகரவென்று நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெடலை நிறுத்தாமல் சுற்றி, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள். முன் சக்கரம் அது போகிற போக்கில் கொஞ்சம் ஆடட்டும். அதை இறுக்கி நேராக்கப் பார்ப்பவர்தான் விழுவார்.

வெளிநாட்டு வீடியோக்களில் கடல் வற்றியதும் அகலமாகக் கெட்டி மணல் கிடக்கும், அதில் வரிசையாகப் பறப்பார்கள். மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஈரக் கெட்டி மணல் ஒரு ஒடுங்கிய பட்டையாகத்தான் இருக்கும், அதிலும் சங்கு உடைசலும் பவளக் கல்லும் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். அலையில் நனைந்து ஓட்டினால் ஹப்பின் பேரிங்கில் உப்புத் தண்ணீர் இறங்கும். கடற்கரையில் ஓட்டுவதைப் படம் எடுக்கிற அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஓட்டும்போது வேறு சில விஷயங்களும் உண்டு. அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டில் ஏற்றாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். வலையும் கருவாடும் காயும் இடம் மீனவர்களின் பிழைப்பு நடக்கும் இடம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டிப் போக நினைக்காமல் இறங்கி நில்லுங்கள். கூப்பிட்டால் ஒரு கை கொடுங்கள், திரும்பி வரும்போது டீ கிடைக்கும். ஆமை முட்டையிடும் மாதங்களில் இருட்டில் கடற்கரைக்குள் ஓட்டவே வேண்டாம்.

அப்படியானால் எங்கேதான் ஓட்டுவது? கண்மாய்க் கரைகளில். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. ஏறுவதற்குக் கொஞ்சம் மேடு, மேலே ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் மடை வரும்போது ஒரு இறக்கம். மவுண்டன் பைக்குக்கு வேண்டிய வளைவும் ஏற்றமும் அங்கே சிறிய அளவில் எல்லாமே இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அருமையான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை இளகி இருக்கும், அப்போது சக்கரம் பதிந்த தடத்தில் தண்ணீர் ஓடி அரிக்கும். முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிசல் மண்ணை ஈரத்தில் தொடவே கூடாது. பத்தடியில் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். காய்ந்த பிறகும் மாட்டுக் குளம்பு பதிந்த இடம் முதுகெலும்பை எண்ணிக் காட்டும். காஞ்சிரங்குளம், சித்திரங்குடி, மேலச்செல்வனூர் போன்ற பறவைச் சரணாலயக் கண்மாய்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும்போது கரையில் ஏறாதீர்கள். வாலிநோக்கம் உப்பளப் பாத்திகளின் வரப்பு பார்க்க இழுக்கும், கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

மேடு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆடி மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வரை ஓட்டிப் பாருங்கள், அந்தக் குறை தீர்ந்துவிடும். இலகுவான கியர் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வைத்துக்கொண்டாலே போதும், தெம்பு இருக்கும்போது கஷ்டப்பட்டு, களைத்த பிறகு சுகமாக வரலாம். கச்சான் காலத்தில் மேற்கே, ஏர்வாடி, சிக்கல் பக்கம் போங்கள். வாடை அடிக்கும் மாதங்களில் கிழக்கே சேதுக்கரை, பெரியபட்டினம் பக்கம். நேர் எதிர்காற்றில் ஒருவர் பின் ஒருவராகப் போய், முன்னால் போகிறவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எந்தக் காலமானாலும் விடிவதற்கு முன் கிளம்பி ஒன்பது மணிக்குள் வீடு திரும்புங்கள்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போகத்தான் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன். 2017இல் ரோடு திறந்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து முனை வரை தார்தான், போக ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ரோடு தென்கிழக்கே போகிறது, கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. போகும்போது வலதுபக்கக் காற்று உங்களை ஓரத்து மணலுக்குத் தள்ளும், அதனால் பெரிய ஆபத்தில்லை. திரும்பி வரும்போது அதே காற்று இடப்பக்கம் இருந்து ரோட்டின் நடுவுக்குத் தள்ளும். போகும்போது வலப்பக்கமாகச் சுற்றுலா வேன் முந்தும் நொடியில் காற்று சட்டென்று மறைந்து, வேன் போனதும் ஓங்கி அடிக்கும். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டிய நேரம் அது. ரோட்டில் மெலிதாகப் படிந்த மணலில் பிரேக் பிடிக்காதீர்கள். ரோட்டை விட்டுச் சேற்றுப் பரப்பில் இறக்கி ஓட்டும் ஆசையும் வேண்டாம், 2025இல் அங்கே பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் கச்சான் காலத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போனாலும் தப்பில்லை.

ஐந்து பேரில் ஒருத்தர் கட்டாயம் மெதுவாக வருவார். அவரைக் கடைசியில் விட்டுவிட்டு முன்னால் போய்க் காத்திருப்பது வழக்கம். அவர் மூச்சு வாங்க வந்து சேரும்போது மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் அவர் வருவதையே நிறுத்திவிடுவார். முன்னால் போகிறவரின் வேகத்தை மெதுவாக வருகிறவரே முடிவு செய்யட்டும், பம்பும் சாவிகளும் வைத்திருக்கும் பலசாலி கடைசியில் வரட்டும். பாதை பிரிகிற இடத்தில் எல்லோரும் வந்த பிறகுதான் நகர வேண்டும். ஓட்டிக் களைத்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், நடுவில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பதநீர்க் காலம் என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கடைசியாக உப்பு. சைக்கிளைத் தினமும் கழுவுகிறேன், ஆனாலும் துரு பிடிக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தண்ணீர் என்றுதான். உங்கள் பக்கம் போர்த் தண்ணீரே உப்பு, அதை ஊற்றிக் கழுவினால் கடற்காற்றின் வேலையை நாமே செய்து கொடுத்த மாதிரி. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் சைக்கிளுக்கு வாளி வாளியாக ஊற்றவும் முடியாது. ஏ.சி. வெளியே சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிடையாது. அரை வாளி போதும். துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும், பீய்ச்சி அடிக்கக் கூடாது. வாட்டர் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போகவே வேண்டாம், அந்த வேகத்தில் பேரிங்கில் இருக்கும் கிரீஸ் வெளியே போய் உப்பு உள்ளே வரும். காய்ந்த பிறகு செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, மெழுகு கலந்த செயின் எண்ணெய். என்ஜின் ஆயில் போட்டால் மணல் அப்பி அரம் மாதிரி அராவிவிடும். மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட் போஸ்டையும் பெடலையும் கழற்றி கிரீஸ் தடவி மாட்டுங்கள். இல்லையென்றால் உப்பில் உலோகத்தோடு உலோகம் ஒட்டி, பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

உங்கள் நண்பரின் சைக்கிளைத் தூக்கிப் போட வேண்டாம். செயினில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஒரு பின்னின் நடுவில் தொடங்கினால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் மட்டும் மாற்றினால் போதும், எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பக்கப் பல் சக்கரமும் சேர்த்து. சீட் போஸ்ட் அசைகிறதா என்று இன்றே பாருங்கள். ஷாக் இறுகிப்போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு சாதா ஃபோர்க் போடச் சொல்லுங்கள், ஆனால் நீளத்தை அளந்து கேட்டு வாங்கவும். குட்டையான ஃபோர்க் போட்டால் சைக்கிள் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும், மணலில் திருப்பவே முடியாது.