குழாயில் குடியிருக்கும் கிருமிக்கு அப்பாவுக்கு ஊசியா?

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் அப்பாவுக்கு (வயது 74) மூன்று மாதமாகச் சிறுநீர் வடியக் குழாய் (கதீட்டர்) போட்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை, சிறுநீர் மட்டும் கலங்கலாக வருகிறது. கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனையில் கிருமி ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்தது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் போகவில்லை. இன்னும் வீரியமான ஊசி போடலாமா?

பதில்: வேண்டாம். குழாய் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். குடலிலும் தோலிலும் இயல்பாக வாழும் கிருமிகள் குழாயின் வெளிப்புறமாகவும், வெளியே சிறுநீர் சேரும் பையிலிருந்து உட்புறமாகவும் ஏறி, அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு கோழைப் படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுக்குமே, அதே வகைதான். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. மிதக்கும் கிருமி செத்து, ஒட்டியிருப்பது தப்பி, மருந்துக்கு மசியாத வகை மிஞ்சும்.

ஆகவே காய்ச்சல், குளிர்நடுக்கம், அடிவயிற்று வலி, புதிதாக வரும் மந்தநிலை ஆகியவை இல்லாதவரை சிறுநீரைப் பரிசோதிக்கவே தேவையில்லை. மாதாந்தரப் பரிசோதனைப் 'பேக்கேஜ்' என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பையின் அடிக்குழாயைத் திறந்து டப்பாவில் பிடித்துக்கொண்டு போவார்கள். பையில் மணிக்கணக்கில் தேங்கியதில் கிருமி இல்லாவிட்டால்தான் அதிசயம். உண்மையாகவே தொற்று என்று சந்தேகித்தால், பழைய குழாயை மாற்றி, புதிய குழாயிலிருந்து மாதிரி எடுத்த பிறகே மருந்து தொடங்க வேண்டும். பல ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2014 முதல் இந்திய மருந்து விதிகளில் எச்1 அட்டவணை நடப்பில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் அது யாருக்கு நினைவிருக்கிறது?

ஒரு விதிவிலக்கு உண்டு. அப்பாவுக்குப் புராஸ்டேட்டை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) சிறுநீர்ப் பாதை வழியே சுரண்டி எடுப்பது போன்ற அறுவை செய்ய நாள் குறித்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் கல்ச்சர் பார்த்து, அறுவைக்குச் சற்று முன்பாக மருந்து கொடுத்தாக வேண்டும். சுரண்டும்போது உட்சவ்வு கிழிந்து இரத்தம் கசியும். அந்த வழியாகக் கிருமி நேரே இரத்தத்தில் கலந்துவிடும். அது அறுவைக்கான முன்னேற்பாடு மட்டுமே. வெறுமனே குழாய் மாற்றுவதற்கு இது பொருந்தாது.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. குழாயில் சுண்ணாம்பு போலப் படிந்து ஒழுக்கு நின்றால் அன்றே மாற்றுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் குழாய் போட்ட தேதி இருக்கும், எடுக்கும் தேதியை யாரும் எழுதுவதில்லை. இந்தக் குழாய் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.