வேலையை விடாமல் ஜி.ஆர்.ஈ.: பொகவந்தலாவை வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. பேராதனையில் தமிழ் மொழிமூலம் பொருளியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன். வீடு பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில். காலை ஏழுக்குப் பஸ் ஏறினால் திரும்பி வர இரவு ஏழாகிவிடும். அமெரிக்காவில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. அதற்குப் பல துறைகள் கேட்கும் நுழைவுப் பரீட்சையான ஜி.ஆர்.ஈ. எழுதுவதற்காக இரண்டு மாதமாக இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை படிக்கிறேன். ஒன்றும் தலையில் ஏறவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

பதில்: விடாதீர்கள். வேலையை விட்டவர்கள் அந்த எட்டு மணித்தியாலத்தையும் படிப்பில் போட்டதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் தோட்டத்து வீட்டில் வேலைக்குப் போகாத பெண் ‘சும்மா இருப்பவள்’ என்றுதான் கணக்கு. விறகு, தண்ணீர், அண்ணன் பிள்ளை, பக்கத்து லயத்துச் சடங்கு எல்லாம் உங்கள் பெயருக்கு வந்து சேரும். கலியாணப் பேச்சும் சேர்ந்து வரும். சம்பளமும் இருக்காது. பரீட்சைக் கட்டணமே 200 டொலருக்கு மேல் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் சிக்கல் நேரம் போதாமை அல்ல, பழுதான நேரத்தில் படிப்பது. பகல் முழுக்க கவுண்டரில் காசு எண்ணி, கணக்கு ஒத்துவராமல் அரை மணி தேடி, ஹட்டன் பஸ்ஸில் நின்றபடி வளைவு வளைவாக வந்து சேர்ந்த தலைக்கு இரவு ஒன்பது மணிக்குப் புதிய பாடம் கொடுக்கிறீர்கள். அது வாங்காது. அந்த இரண்டு மணித்தியாலத்தைத் தூக்கிக் காலை 4.45 இலிருந்து 6.00 வரை என்று ஒன்றேகால் மணியாக வைத்தால், நேரம் குறைந்தும் படிப்பு கூடும். இரவு 9.30 க்குப் படுத்தால்தான் இது நடக்கும். தூக்கத்தை வெட்டிக் காலையை வாங்க முடியாது. பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நம் பக்கத்துக் காலைக் குளிரில் போர்வைக்குள் இருந்துகொண்டு படிப்பேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து நிமிடத்தில் புத்தகம் முகத்தில் கிடக்கும். எழுந்து, சுவெட்டர் போட்டு, குசினியில் சாயத்தண்ணி வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே ஒரு சின்ன மேசை போடுங்கள். மார்கழியில் மட்டும் கோயில் ஒலிபெருக்கி உங்களுக்கு முன்பே எழுந்துவிடும். அந்த மாதத்துக்குள் பரீட்சையை முடித்துவிடுவதே நல்லது.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் துறைகள் ஜி.ஆர்.ஈ. கேட்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2020 இல் கொரோனா வந்தபோது பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதை விருப்பத்துக்கு விட்டன. சில மீண்டும் கட்டாயமாக்கின, சில அப்படியே விட்டுவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறை கேட்கும், பொதுக்கொள்கைத் துறை கேட்காது. ஒரு துறையும் கேட்காவிட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ். பக்கம் போகலாம். கேட்டால், தொடர்ந்து வாசியுங்கள்.

காலக் கணக்கு இப்படி. அமெரிக்காவில் ஓகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் படிப்புகளில் பெரும்பாலானவை அதற்கு முந்திய டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பத்தை மூடுகின்றன. ஆகவே முதல் முறை செப்டம்பர் கடைசிக்குள் எழுதிவிட வேண்டும். புள்ளி சரியில்லை என்றால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். 12 மாதத்துக்குள் ஐந்து முறை வரை அனுமதி உண்டு. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு தொடங்கினால் உங்களுக்குக் குறைந்தது 22 கிழமைகள் கிடைக்கும். கிழமைக்கு 10 மணித்தியாலம் வைத்தாலும் 220 மணித்தியாலம். உங்களைப் போன்ற ஒருவருக்கு அது போதும் என்பது என் அனுபவம். ஜி.ஆர்.ஈ. புள்ளி ஐந்து வருடம் செல்லும். ஐ.ஈ.எல்.டி.எஸ். இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் அதை முந்தி எழுதிவைக்கத் தேவையில்லை.

பழைய வழிகாட்டிப் புத்தகம் யாராவது இனாமாகக் கொடுத்திருந்தால் கவனம். 2023 செப்டம்பரில் பரீட்சை பாதியாகக் குறைக்கப்பட்டது. இப்போது மொத்தம் 1 மணி 58 நிமிடம். முதலில் 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை. பிறகு மொழிப்பகுதி இரண்டு துண்டாக, 12 கேள்விக்கு 18 நிமிடம், 15 கேள்விக்கு 23 நிமிடம். கணிதப்பகுதியும் இரண்டு துண்டு, 12 கேள்விக்கு 21 நிமிடம், 15 கேள்விக்கு 26 நிமிடம். இடைவேளை இல்லை. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை புள்ளி, கட்டுரைக்கு 0 முதல் 6 வரை. முதல் துண்டை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது துண்டின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கும். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, எனவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளைகள் கணிதத்தில் இழக்கும் புள்ளியில் பாதி கணிதம் தெரியாததால் அல்ல. ஆகாரம், இடையம், நியம விலகல், நிறைவெண், முதன்மை எண் எல்லாம் சாதாரண தரத்திலேயே, உயர்தரத்திலேயே கரைத்துக் குடித்தவைதான். திரையில் அவை மோட், மீடியன், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், இன்டிஜர், பிரைம் என்று வரும்போது மூளை ஒரு விநாடி நின்று மொழிபெயர்க்கிறது. 27 கேள்வியில் அந்த ஒவ்வொரு விநாடியும் காசு. முதல் இரண்டு கிழமை வேறொன்றும் வேண்டாம். ஒரு கொப்பியில் இடப்பக்கம் பாடசாலைச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதுங்கள். நூறு சொல்லைத் தாண்டாது. ‘பொசிட்டிவ்’ என்றால் பூச்சியம் சேராது, ‘நொன்-நெகட்டிவ்’ என்றால் சேரும் என்பதைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள்.

பிறகு பிழைக் கொப்பி. எல்லோரும் வைக்கச் சொல்வார்கள், ஆனால் எப்படி வைப்பது என்று சொல்வதில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். x ஒரு நிறைவெண், அதன் வர்க்கம் 10 ஐ விடச் சிறியது. x பெரிதா, 3 பெரிதா? 2 ஐப் போட்டுப் பார்ப்பீர்கள், 3 பெரிது. மறை 1 ஐப் போடுவீர்கள், அப்போதும் 3 பெரிது. மறை எண்ணையும் சோதித்துவிட்டோம் என்ற திருப்தியில் விடையைத் தட்டிவிடுவீர்கள். ஆனால் 3 இன் வர்க்கம் 9, அதுவும் 10 ஐ விடச் சிறியதுதானே? அப்போது இரண்டும் சமம். ஆகவே சரியான விடை ‘தீர்மானிக்க முடியாது’. கொப்பியில் நீங்கள் எழுத வேண்டியது கேள்வியோ விளக்கமோ அல்ல. ‘எல்லையில் நிற்கும் எண்ணைச் சோதிக்கவில்லை. காரணம் அவசரம், அறியாமை அல்ல’ என்ற ஒரே வரி. ஒரு மாதம் கழித்துக் கொப்பியைப் புரட்டினால் அதே நான்கைந்து வரிகள் திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் காண்பீர்கள். அதற்குப் பிறகு காலை நேரத்தை அவற்றுக்கு மட்டும் கொடுங்கள். நன்றாக வரும் பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்து மகிழ்வது படிப்பில் சேராது.

மொழிப்பகுதிதான் உங்களுக்குக் கடினமான ஏற்றம். மூவாயிரம் சொல் கொண்ட பட்டியலைப் பாடமாக்க வேண்டாம். இந்தப் பரீட்சை அபூர்வமான சொல்லை மட்டும் கேட்பதில்லை. தெரிந்த சொல்லின் தெரியாத பொருளையும் கேட்கும். ‘சாங்ஷன்’ என்பது உங்களுக்கு அன்றாடச் சொல், கடன் சாங்ஷன் ஆனது என்றால் அனுமதி கிடைத்தது. அதே சொல் வெளிநாட்டுச் செய்தியில் ஒரு நாட்டின் மீது விதிக்கும் தடை. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல, சொன்ன கருத்துக்கு ஒரு வரம்பு வைப்பதும்தான். இப்படிப்பட்ட சொற்களை, ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியத்தோடு, நாளுக்கு எட்டு என்று எடுங்கள். தனிச் சொல்லாகப் பாடமாக்கினால் பரீட்சையில் கைவிடும்.

பஸ் நேரம் இதற்குத்தான். நோர்வூட் வளைவுகளில் போன் திரையைப் பார்த்தால் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அப்படியானால் முந்திய நாளே அந்த எட்டு வாக்கியங்களையும் உங்கள் குரலிலேயே பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மாலைப் பஸ்ஸில் அன்று காலையில் செய்த பிழைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதும். களைத்த தலைக்குப் புதியது வேண்டாம், பழையதைக் கொடுங்கள்.

வாசிப்புப் பந்திகளுக்குக் குறுக்குவழி இல்லை. ஞாயிறு காலையில் ஓர் ஆங்கிலக் கட்டுரை, உங்களுக்குப் பிடிக்காத துறையில் என்றால் இன்னும் நல்லது, வாசித்து முடித்து ‘ஆசிரியர் யாரோடு முரண்படுகிறார்?’ என்பதைத் தமிழில் இரண்டு வரியில் எழுதுங்கள். தமிழில்தான். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கட்டுரையின் சொற்களையே புரியாமல் திருப்பி எழுதிவிடுவோம்.

கட்டுரைக்கான தலைப்புகள் எல்லாவற்றையும் பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே தன் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. எழுதும் திரையில் எழுத்துப்பிழை திருத்தி இருக்காது. நாங்கள் போனில் பெருவிரலால் தட்டிப் பழகியவர்கள். வங்கியிலும் உங்கள் விரலுக்கு இலக்கங்கள்தான் பழக்கம். கிழமைக்கு ஒரு தலைப்பையாவது விசைப்பலகையில் 30 நிமிடத்துக்குள் தட்டுங்கள்.

மாதிரிப் பரீட்சைக்குப் போயா தினத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வங்கி விடுமுறை, மாதம் தவறாமல் வரும், யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. ஈ.டி.எஸ். தரும் பவர்பிரெப் மாதிரிகளில் இரண்டு இலவசம். உண்மையான பரீட்சைக்கு மிக நெருக்கமானவை என்பதால் ஒன்றைத் தொடக்கத்தில் நிலைமை அறியவும் மற்றதைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்பும் எழுதுங்கள். இடையில் வேறு மாதிரிகள் போதும். எழுந்து தண்ணீர் குடிக்காமல், ஒரே இருப்பில். என் முதல் மாதிரியில் ஒரு கணிதக் கேள்வியோடு ஏழு நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசி ஐந்து கேள்வியைக் கண்ணாலேயே காணவில்லை. அந்தத் துண்டுக்குள் கேள்வியைக் குறித்துவைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நிமிடம் தாண்டினால் குறித்துவைத்துவிட்டு நகருங்கள்.

கண்டியில் சனி ஞாயிறு வகுப்புக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஹட்டனிலிருந்து போய்வரவே ஐந்து மணித்தியாலம் அளவில் போய்விடும். அந்த ஐந்து மணித்தியாலம் வகுப்பைவிடப் பெறுமதியானது. கட்டுரையைத் திருத்தித் தர ஆங்கிலம் தெரிந்த ஒருவர் மட்டும் கிடைத்தால் போதும்.

வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் இருக்கிறது. அதற்கு மூடிய அறை, அறைக்குள் வேறு யாரும் வராமை, அறாத இணையம் மூன்றும் வேண்டும். ஒரு காம்பரா வீட்டில், தென்மேல் பருவக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத மாதங்களில், அந்த ஆபத்து எதற்கு? கொழும்புப் பரீட்சை நிலையத்தில் எழுதுங்கள். அன்று காலையில் கிளம்பும் எண்ணம் வேண்டாம். மழைக்காலத்தில் கினிகத்தேனை, கித்துல்கலைப் பக்கம் ஒரு மண்சரிவு வந்தால் ஏ-7 பாதை நின்றுவிடும். முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். சுவெட்டரையும் எடுத்துப்போங்கள். நம் குளிர் வேறு, அங்குள்ள ஏசிக் குளிர் வேறு.

கடைசியாக, இதை இந்தக் கிழமையே பார்க்க வேண்டும். பதிவு செய்யும் பெயரும் நீங்கள் காட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், பட்டச் சான்றிதழில் அப்பா பெயர் விரிந்து மூன்றாவது விதம். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முதலில் பிறப்புச் சான்றிதழைத் திருத்த விண்ணப்பியுங்கள், பாஸ்போர்ட் அதற்குப் பிறகு. அது முடியும்வரை பரீட்சைக்குக் காசு கட்ட வேண்டாம்.