எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: திருமணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. ஒரு மகள். சில மாதங்களாக நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். போன வாரம் அவருடைய வக்கீலிடமிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தது. "ரெண்டு பேருக்கும் என் வக்கீலே பார்த்துக்கொள்வார், வீண் செலவு எதற்கு?" என்கிறார் கணவர். என் அண்ணனோ, எதிராளியை அலறவிடும் வக்கீல் ஒருவரைத் தனக்குத் தெரியும், அவரிடமே போவோம் என்கிறார். எனக்குப் பெரிய சேமிப்பு இல்லை. யாரை நம்பி வழக்கைக் கொடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கணவர் சொல்வதற்கு ஒரே பதில்தான்: வேண்டாம். அவருடைய வக்கீல் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்குக் கட்சிக்காரர் உங்கள் கணவர். மகள் யாரிடம் இருப்பாள், வீடு யாருக்கு, ஜீவனாம்சம் எவ்வளவு என்று பேச்சு வரும்போது அவர் உங்களுக்காகப் பேச முடியாது, பேசவும் கூடாது. இருவரும் சம்மதித்துப் பிரிவதாகவே இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் அந்தக் காகிதங்களை உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். முழு வழக்கையும் நடத்துகிற அளவுக்கு அதற்குச் செலவாகாது.

நோட்டீஸுக்கு நீங்களே பதில் எழுதவும் வேண்டாம். கோபத்தில் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்திகூடப் பின்னால் நீதிமன்றத்தில் ஆதாரமாக வந்து நிற்கும். பதில் தருவதற்குக் கெடு குறிப்பிட்டிருப்பார்கள். அதனால் இந்த வாரமே வக்கீல் தேடலைத் தொடங்கிவிடுங்கள்.

அண்ணனுக்கு உங்கள் மேல் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் அலறவிடும் வக்கீல் எதிராளியை மட்டும் அலறவிடுவதில்லை. இவர் ஒரு மனு போட்டால் அவர்கள் பதிலுக்கு இரண்டு போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஃபீஸ். வழக்கு முடிந்த பிறகும் மகளுக்காக நீங்கள் இருவரும் பல வருடங்கள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். பேசவே முடியாத அளவுக்குக் கொண்டுபோய் விடுகிற வக்கீல் உங்களுக்கு நல்லது செய்தவர் ஆகமாட்டார். உறுதியாக நிற்பது வேறு, சத்தம் போடுவது வேறு.

குடும்ப வழக்குகளையே பெரும்பாலும் நடத்துகிறவர்களாக இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். சொத்து வழக்கில் பெயரெடுத்த குடும்ப நண்பர் இதற்குப் பொருத்தமானவர் என்று சொல்ல முடியாது. போகும் முன் ஒரு பக்கத்தில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: திருமணம், மகள் பிறந்தது, வீடு வாங்கியது, கடன் எடுத்தது, பிரிந்தது. அதோடு நோட்டீஸ், வருமானச் சான்றுகள், வங்கிக் கணக்கு விவரங்கள் ஆகியவற்றின் நகல்கள் போதும். மூலப் பத்திரங்கள் உங்களிடமே இருக்கட்டும்.

அங்கே போனதும் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். மகள் இப்போது யாருடன் இருக்கிறாள், பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், கூட்டுக் கடன் ஏதும் உண்டா, வீட்டில் அடி உதை இருந்ததா, நீங்கள் உண்மையில் பிரியத்தான் விரும்புகிறீர்களா என்றெல்லாம் கேட்கிறவர் வேலை தெரிந்தவர். நீங்கள் பாதி சொல்லும் முன்பே "கவலையை விடுங்க, ஜெயிச்சுத் தர்றேன்" என்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். தீர்ப்பு நீதிபதியின் கையில் இருக்கிறது, எந்த வக்கீலும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "என் பக்கத்தில் பலவீனம் எது?" உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத் துணிகிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்புறம், நீதிமன்றத்தில் அவரே நிற்பாரா அல்லது ஜூனியரை அனுப்புவாரா, நீங்கள் போன் செய்தால் யார் எடுப்பார்கள், பேசித் தீர்க்க வழி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 1990-இல் அமெரிக்காவில் ஸ்டூ வெப் என்ற வழக்கறிஞர் ஒரு முறையைத் தொடங்கினார். இரு தரப்பும் வக்கீல்களோடு உட்கார்ந்து பேசுவார்கள், பேச்சு முறிந்து நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்த இரண்டு வக்கீல்களுமே விலகிவிட வேண்டும். சண்டை வளர்ந்தால் வக்கீலுக்கு லாபம் என்ற நிலையையே அது எடுத்துவிடுகிறது. உங்கள் ஊரில் அந்த முறை இல்லாவிட்டாலும், சமரசம் என்ற பேச்சை எடுத்ததும் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அண்ணன் கூட வரட்டும். ஆனால் முக்கியமான விஷயங்களைப் பேசும்போது அவர் வெளியே இருப்பது நல்லது. வக்கீலிடம் நீங்கள் சொல்வது ரகசியம். மூன்றாம் ஆள் இருந்தால் சில நாடுகளில் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். தவிர, அண்ணன் முன்னால் சொல்லத் தயங்கும் விஷயங்களும் இருக்கும். வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள்.

ஃபீஸ் விஷயத்தில் கூச்சமே வேண்டாம். மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா, மணிக்கணக்கா? நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எல்லாம் இதில் அடக்கமா? மேல்முறையீடு வந்தால்? பதிலை எழுத்தில் வாங்குங்கள், கொடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீது கேளுங்கள். "கிடைக்கிற ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் வக்கீல்கள் அப்படிப் பங்கு பேசுவதைத் தொழில் விதிகளே தடுக்கின்றன. அமெரிக்காவிலும் விவாகரத்து வழக்குகளில் பொதுவாக அதற்கு அனுமதி இல்லை.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல நாடுகளில் இலவச சட்ட உதவி கிடைக்கிறது, சில இடங்களில் அதற்கு வருமான வரம்பு உண்டு. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நீதிமன்ற வளாகத்திலேயே விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

ஒருவரை முடிவு செய்துவிட்டால், வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயரில் தாக்கலாகும் ஒவ்வொரு மனுவையும் படித்து, நகல் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நடுவில் அவர்மேல் நம்பிக்கை போனால் வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த வாய்தாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதே மாற்றுங்கள், அப்போதுதான் புதியவருக்கு ஃபைலைப் படிக்க அவகாசம் கிடைக்கும்.