ஜேசிபி வருவதற்கு முந்தின நாள்: வண்டித்தடத்துக்கு லேசர் மட்டம் வாங்கலாமா?

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் கிராமத்தில் வீடு கட்டி முடித்துவிட்டோம். பஞ்சாயத்து ரோட்டிலிருந்து போர்டிகோ வரை சுமார் 120 அடி நீளம், 12 அடி அகலத்தில் வண்டித்தடம் போட வேண்டும். ரோட்டைவிட வீடு நாலு அடி உயரம். ஜேசிபி வைத்து மண்ணெடுத்து, ஜல்லியும் கிராவலும் கொட்டி உருட்டிவிட்டு, கையில் காசு வரும்போது பேவர் பிளாக் பதிக்கலாம் என்று எண்ணம். ஓசூரில் வேலை பார்க்கும் மச்சான், "ஆன்லைன்ல 16 லைன் பச்சை லேசர் வருது, வாங்கிட்டா மட்டத்தை நீயே பார்த்துக்கலாம்" என்கிறான். மேஸ்திரியோ, "தடத்துக்கு எதுக்குங்க லேசர், கண்ணாலயே பார்த்துடலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: மேஸ்திரி சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். மச்சான் லேசர் என்று சொன்னது சரி, ஆனால் அவர் காட்டும் லேசர் இந்த வேலைக்கு ஆகாது.

முதலில் காசுக் கணக்கு. ஜேசிபி ஓட்டுநர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், கண்ணளவில் இரண்டு இன்ச் கூடுதலாக எடுத்துவிடுவது சர்வசாதாரணம். 120 அடிக்கு 12 அடி பரப்பில் இரண்டு இன்ச் என்றால் 240 கன அடி, அதாவது இரண்டு யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). எடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி மூடினால் முதல் மழையில் அது இறங்கிவிடும், மேலே போட்ட எல்லாமும் கூடவே இறங்கும். ஆகவே அந்தப் பள்ளத்தைக் கிராவல் வாங்கித்தான் நிரப்ப வேண்டும். இறுக்கிய பிறகு கிராவல் கால்பங்கு அளவுக்கு அமுங்கும் என்பதால் மூன்று யூனிட்டாவது சொல்ல வேண்டியிருக்கும். இதோடு ஜேசிபியின் மணிக்கூலி வேறு. தோண்டிய இடத்தையே மறுபடி தோண்டினாலும் மணி ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

இனி அந்த 16 லைன் லேசர். சுவரில் ஒளிக்கோடு போட்டு மட்டம் காட்டும் அது, டைல்ஸ் ஒட்டவும், ஃபால்ஸ் சீலிங் போடவும், மாடுலர் கிச்சன் மாட்டவும் உள்ள கருவி. அறைக்குள் அருமையாக வேலை செய்யும். ஊத்தங்கரை வெயிலில் நாலைந்து மீட்டர் தாண்டினால் கோடே கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கோடு சிவப்பைவிடக் கண்ணுக்குப் பளிச்சென்று படும் என்பது உண்மை, ஆனால் பகல் பத்து மணிக்கு அதுவும் காணாமல் போய்விடும். துல்லியத்திலும் வித்தியாசம் உண்டு. இந்த வகைக் கருவிகளின் பெட்டியில் பெரும்பாலும் 10 மீட்டருக்கு 3 மி.மீ. முன்பின் என்று போட்டிருக்கும், உங்கள் 36 மீட்டருக்கு அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். தடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பெரிதில்லைதான். கோடு தெரியவில்லை என்பதுதான் பெரிது.

வெளியே மண்வேலைக்கு உள்ளது சுழலும் லேசர், ரோட்டரி லேசர் என்று கேட்டால் தெரியும். முக்காலியில் நின்று ஒற்றைக் கதிரைச் சுற்றிச் சுற்றி வீசும். அந்தக் கதிரை நீங்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை. அளவுக்கோலில், அதாவது ஸ்டாஃபில், மாட்டிய ரிசீவர்தான் பார்க்கிறது. மேலே ஏற்று, கீழே இறக்கு என்று அம்புக்குறி காட்டும், நேர் மட்டத்துக்கு வந்ததும் விடாமல் ஒலிக்கும். வெளிவேலையில் பாதிக் கருவி அந்த ரிசீவர்தான். லேசருக்கு விலை பேசிவிட்டு, "ரிசீவர் தனிங்க" என்று கேட்டு வீடு திரும்புகிறவர்கள் நிறைய.

வாங்கலாமா என்றால், ஒரே ஒரு தடத்துக்கு வேண்டாம். நல்ல ரோட்டரி செட் ரிசீவர், முக்காலி, ஸ்டாஃபோடு பல பத்தாயிரங்கள் ஆகும், வேலை முடிந்ததும் பரணில் தூங்கும். கிருஷ்ணகிரியிலோ திருப்பத்தூரிலோ மனைப்பிரிவு அளக்கிறவர்களிடமும் சிவில் இன்ஜினியர்களிடமும் ஆட்டோ லெவல் இருக்கும். தொலைநோக்கி போன்ற அந்தப் பழைய கருவி இந்த வேலையை லேசருக்குக் குறையாமல் செய்யும். ஒருவர் கருவியில் பார்க்க, இன்னொருவர் ஸ்டாஃப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆளோடு சேர்த்து வாடகை பேசுங்கள். நாள் வாடகையா அரைநாள் வாடகையா, வண்டிச் செலவு யாருடையது, ஜேசிபி வராமல் போனால் என்ன கணக்கு, இந்த மூன்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கருவியோடு வரும் அந்த ஆளை முந்தின நாளும் தோண்டும் நாளும் என இரண்டு தடவை வரச் சொல்லுங்கள். முதல் தடவை ஜேசிபி வருவதற்கு முந்தின நாள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஜேசிபி வந்து உறுமிக்கொண்டு நிற்கும்போது உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. முந்தின நாளே தடத்தின் நடுவில் மூன்று மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் இப்போதைய தரை மட்டத்தை எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். மேடு எங்கே, பள்ளம் எங்கே, எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிரப்பினால் போதும் என்பது பதின்மூன்று எண்களில் தெரிந்துவிடும். உங்கள் பக்கம் ஒரு அடி கீழே பாறை முட்டுவது புதிதல்ல. பக்கெட் பாறையில் முட்டிய பிறகு பிரேக்கர் மாட்டிய வண்டியைக் கூப்பிட்டால் அதற்குக் கூலியே வேறு. பாறை தெரிந்த இடத்தில் மட்டத்தை முழுவதுமாகக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாமா என்று முந்தின நாள் காகிதத்தில் யோசிப்பதற்குக் காசு ஆகாது.

கணக்கு இப்படி. 36 மீட்டருக்கு 1.2 மீட்டர் இறக்கம் என்றால் மூன்று மீட்டருக்கு 10 சென்டிமீட்டர், மேஸ்திரி மொழியில் பத்தடிக்கு நாலு இன்ச். காருக்கு இது சுகமான சரிவு. (ஸ்டாஃப் மீட்டரில்தான் இருக்கும், இரண்டையும் கலக்காதீர்கள். அடியில் எழுதிய நோட்டையும் மீட்டரில் பிடித்த ஸ்டாஃபையும் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.) கருவியை வீட்டுப் பக்கம் நிறுத்துங்கள். போர்டிகோ ஓரத்தில் தடத்தின் முடிவு மட்டத்தில், அதாவது எல்லாம் போட்டு முடித்ததும் தடம் நிற்க வேண்டிய மட்டத்தில், ஸ்டாஃப் வைத்தால் 1.00 மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முளையில் 1.10, அதற்கடுத்து 1.20, இப்படியே போய் ரோட்டு ஓரத்தில் 2.20 வர வேண்டும். எண் பெரிதானால் தரை தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வெட்ட வேண்டிய இடத்தில் நிரப்பி விடுவார்கள்.

இது முடிவு மட்டம். தோண்டும் மட்டம் இதற்கும் கீழே. பேவர் பிளாக் 6 செ.மீ., அதன் அடியில் மணல் 3, அதற்கும் கீழே இறுக்கிய ஜல்லியும் கிராவலும் 15, ஆக 24 செ.மீ. லாரி உள்ளே வரும் என்றால் 8 செ.மீ. கனமுள்ள பிளாக் எடுத்துக்கொண்டு 26 என்று வையுங்கள். ஆகவே தோண்டும்போது பார்க்க வேண்டிய எண்கள் 1.24, 1.34 என்று தொடங்கி 2.44-இல் முடியும். பேவர் பிளாக் பிறகுதான் என்றாலும் இப்போதே 24-ஐத் தோண்டிவிடுங்கள். மேல் 9 செ.மீ.யைக் கிராவலால் நிரப்பி ஓட்டுங்கள், பதிக்கும் நாளில் அதைச் சுரண்டி எடுத்தால் போதும். இல்லையென்றால் நாளைக்குப் போர்டிகோவைவிடத் தடம் உயர்ந்து நிற்கும்.

நீளவாட்டம் மட்டும் போதாது, குறுக்குவாட்டமும் வேண்டும். மொட்டைமாடிக்கு வாட்டம் விட்டுப் பழகிய கை பத்தடிக்கு ஒரு இன்ச் விடும். கிராவலுக்கு அது போதவே போதாது. கிராவல் சாலைக்கு 2.5 முதல் 3 சதவீதம் குறுக்குவாட்டம் என்பது சாலை அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்கு, அதாவது பத்தடிக்கு மூன்று இன்ச்சுக்குக் குறையாமல். உங்கள் 12 அடி அகலத்தில் ஒரு ஓரத்தைவிட மறு ஓரம் சுமார் 9 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அந்தப் பக்கம் வாய்க்கால் எடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பக்கமாகத் திருப்பிவிட்டால் அது வேறு கதையாகிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது உங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதையும், ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒரு மழைக்கு எந்தத் தடமும் தாங்காது. சாதாரண ஐப்பசி மழைக்காவது தாங்க வேண்டுமே.

சொந்தக் கதை ஒன்று. தர்மபுரியில் என் வீட்டு முன்வாசலைக் கண்ணளவில்தான் மட்டம் பார்த்தோம். பார்த்த அன்று அத்தனை அழகு. மழை வந்ததும் தண்ணீர் ரோட்டுக்குப் போகாமல் வாசற்படிக்கு வந்து நின்றது. உடைத்து மறுபடி போட்டேன். அதிலிருந்துதான் இந்த மட்டப் பைத்தியம்.

தோண்டும் நாளன்று ஒன்றை மறக்காதீர்கள். போர்டிகோ படியின் மூலையில் ஒரு அடையாளம் போட்டு, காலையில் முதல் வேலையாக அதில் ஸ்டாஃப் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜேசிபியின் அதிர்விலோ யாராவது காலில் இடறியோ முக்காலி அசைந்துவிடும். டீ குடித்துவிட்டு வந்ததும் அதே மூலையில் மறுபடி வைத்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் கருவி அசைந்திருக்கிறது. ஸ்டாஃப் பிடிக்கிறவர் பக்கெட் தரையில் இறங்கி நின்ற பிறகுதான் கிட்டே போக வேண்டும், ஓட்டுநரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். லேசர் என்றால் அது உங்கள் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் வைக்க வேண்டாம்.

கடைசியாக ரோட்டு முனை. ரோட்டோர வாய்க்காலைத் தடம் அடைத்துவிடக் கூடாது. அடியில் ஹியூம் பைப் (பெரிய சிமெண்ட் குழாய்) வைக்க வேண்டும், அதற்குப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டை மறுபடி போடும்போதெல்லாம் அது சில இன்ச் உயரும் என்பதையும் மனதில் வையுங்கள். நாலு அடி உயரம் இருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை, ஒரு அடி உயரத்தில் வீடு கட்டியவர்கள்தான் பாவம்.

கேள்வி: தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்திலேயே தடம் போட முடியாதா? (பாலக்கோட்டிலிருந்து ஒருவர்)

பதில்: தாராளமாக முடியும். தண்ணீர் பொய் சொல்லாது, டியூபுக்குள் இருக்கும் காற்றுக்குமிழிதான் சொல்லும். தண்ணீரை ஊற்றாமல் வாளியிலிருந்து உறிஞ்சி ஏற்றுங்கள், குமிழி குறையும். பாதி டியூப் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் எண் கொஞ்சம் விலகும். 50, 60 அடி வரை இதுவே போதும். அதற்கு மேல் டியூபை இழுத்துக்கொண்டு திரிவதற்குள் ஜேசிபியின் ஒரு மணி நேரம் போய்விடும்.

கேள்வி: காரிமங்கலத்தில் சின்ன அளவில் மேஸ்திரி வேலை செய்கிறேன். ஆன்லைனில் பச்சை லைன் லேசரும் ரிசீவரும் சேர்த்து வாங்கினேன். "வெளியிலும் வேலை செய்யும்" என்று போட்டிருந்தது. ரிசீவர் கத்தவே மாட்டேன் என்கிறது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பவர். வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டமும் பேசாது என்கிறார்.

பதில்: சண்டைக்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். லைன் லேசரில் 'பல்ஸ்' என்றோ 'அவுட்டோர்' என்றோ ஒரு பட்டன் இருக்கும். அதைப் போட்டால்தான் ரிசீவருக்குக் கோடு பிடிபடும். அந்த வசதியே இல்லாத லேசர் என்றால் எந்த ரிசீவரும் உதவாது. அடுத்து, ரிசீவர் பச்சைக்கு உள்ளதா என்று பாருங்கள். சிவப்புக்கு மட்டும் செய்த ரிசீவர் பச்சையைக் கண்டுகொள்ளாமல் இருக்கும். அதுதான் கோளாறு என்றால் ரிசீவரை மட்டும் மாற்றிக் கேளுங்கள், சீக்கிரம் முடியும்.

கையோடு லேசரையும் சோதித்துவிடுங்கள். வீட்டுக்குள் 5 மீட்டர் தள்ளிச் சுவரில் கோட்டைப் பென்சிலால் குறியுங்கள். லேசரை அதே இடத்தில் வைத்துப் பக்கவாட்டில் திருப்பி, வேறு முகத்தின் கோடு அதே குறியில் விழுகிறதா என்று பாருங்கள். 10 மீட்டருக்கு 3 மி.மீ. என்று போட்ட கருவி 5 மீட்டரில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்றரை மி.மீ. விலகலாம், ஆக இரண்டு கோட்டுக்கும் நடுவே 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

எதுவும் சரிவரவில்லையா, விற்பவர் சொல்வது இரண்டுமே தப்பு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்கு வாங்கியதாகக் கணக்கில் எடுக்காது. நீங்கள் அந்த வகை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. பெட்டி பிரித்ததைச் சாக்காகச் சொல்ல முடியாது, பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது?

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதிந்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருஷம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "வெளியிலும் வேலை செய்யும்" என்று போட்ட அந்தப் பக்கத்தைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அந்த வரி காணாமல் போகலாம். முடிவு தெரியும்வரை லேசரை வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் அதைக் காட்டியே பேச்சைத் திருப்புவார்கள்.