லாட்ரோப் பள்ளத்தாக்கில் ஒரு சாக்கர் சீசன்: பையனை மட்டும் சேர்க்க முடியாது

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பெருநகரத்துக்கு வெளியே நடக்கும் வட்டார சாக்கர் (நம்முடைய கால்பந்து) லீக்கில் ஒரு சீசன் எப்படி இருக்கும்? வேலை நிமித்தம் குடும்பத்தோடு விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து பக்கம் போகிறோம். எட்டு வயதுப் பையனைச் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். ஆனால் பையனை மட்டும் சேர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 2018-ல் நான் அப்படித்தான் போனேன். ஏழு வயது மகளை மைதானத்தில் இறக்கிவிட்டு, காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன் பார்ப்பது என் திட்டம். மூன்றாவது வாரமே கோல் கம்பத்தில் வலை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் மைதானத்துக்குக் கோடு போடுவது என் பொறுப்பு. 2020-ல் கொரோனாவால் எங்களுக்குச் சீசனே இல்லை. 2021-ல், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நாற்பத்தோரு வயதில், கிளப்பின் இரண்டாம் அணியான ரிசர்வ் அணிக்கு ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். ஊரில் இருந்தவரை கிரிக்கெட் மட்டையைத் தவிர எதையும் தொடாதவன் நான்.

நான் சொல்வது கிப்ஸ்லாந்தில் இருக்கும் லாட்ரோப் வேலி சாக்கர் லீக்கைப் பற்றி. மெல்பர்னுக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் மோர்வெல், அதற்கு இரண்டு பக்கமும் மோ, ட்ரரால்கன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் உள்ள ஊர்கள். நெய்வேலியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள் ஆளுக்கொரு கிளப் தொடங்கினார்கள். மோர்வெல் ஃபால்கன்ஸ் இத்தாலியர்களுடையது, ஃபார்ச்சுனா 60 டச்சுக்காரர்களுடையது. இப்போது எல்லாரும் எல்லாக் கிளப்பிலும் ஆடுகிறார்கள். ஆனாலும் கிளப் கட்டிடத்துச் சுவரில் தொங்கும் பழைய குரூப் போட்டோக்களைப் பார்த்தால் யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

நியூபரோ-யலோர்ன் யுனைடெட் என்று ஒரு கிளப் உண்டு. நியூபரோ இருக்கிறது, யலோர்ன் இல்லை. மின்வாரியம் 1920-களில் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. அடியில் நிலக்கரி இருந்ததால் 1980-களில் மிச்சமில்லாமல் காலி செய்து தோண்டிவிட்டார்கள். ஊர் இருந்த இடம் இன்று சுரங்கக் குழி. பெயர் மட்டும் கிளப்பில் ஒட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் ஆடுகிறது.

ஞாயிறு என்று சொன்னேன் இல்லையா, அதற்கும் காரணம் உண்டு. சனிக்கிழமை ஃபுட்டிக்குச் சொந்தம். நீள்வட்டப் பந்தை வைத்துக்கொண்டு ஆடுவார்களே, அந்த ஆஸ்திரேலியன் ரூல்ஸ். ஊரே அங்கேதான் நிற்கும். இங்கே ஃபுட்பால் என்று சொன்னால் அதைத்தான் நினைப்பார்கள். தேசியச் சங்கம் 2005-லேயே தன் பெயரில் இருந்த சாக்கரை எடுத்துவிட்டு ஃபுட்பால் என்று போட்டுக்கொண்டது. எங்கள் லீக்குக்கு அந்த வம்பெல்லாம் இல்லை.

சரி, சீசனுக்கு வருகிறேன். பிப்ரவரி வெயிலில் பயிற்சி தொடங்கும். மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் முதல் ஆட்டம், செப்டம்பரோடு முடியும். அதாவது முழுக்க முழுக்கக் குளிர்கால விளையாட்டு. ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்ததும் சாயங்காலம் காணாமல் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியும் இருட்டில், நான்கு கம்பத்து விளக்கு வெளிச்சத்தில். அதிலும் எங்கள் மைதானத்தில் ஒரு கம்பம் பாதிச் சீசன் எரியாது. அந்த மூலைக்கு யாரும் பந்தை அடிக்க மாட்டார்கள்.

கோடு போடும் கதையைச் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதம், காலை ஏழு மணி. புல் முழுக்க உறைபனி, மாவு சலித்துக் கொட்டிய மாதிரி வெள்ளை. பெயின்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கோடும் வெள்ளை, தரையும் வெள்ளை, எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. காலணித் தடத்தைப் பார்த்துப் பார்த்து நேர் பிடித்தேன். ஒன்பதரைக்கு வெயில் வந்தது. பனி உருகியது, கோடும் அதனோடு போய்விட்டது. பெனால்டி பாக்ஸ் இருந்த இடத்தில் பால் சிந்தியது போல ஒரு திட்டு மட்டும் கிடந்தது. கான்டீன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் திட்டவில்லை. வெளியே வந்து, வண்டியை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி போட ஆரம்பித்தார். பனி உருகின பிறகுதான் கோடு போட வேண்டும், அல்லது முந்தின நாள் சாயங்காலமே போட்டுவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

அடுத்த பெரிய சங்கதி ஆள் சேர்ப்பது. ரிசர்வ் ஆட்டம், முதல் அணியான சீனியர் ஆட்டம் இரண்டும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ரிசர்வ் ஆட்டம் முடித்து மூச்சு வாங்குகிறவனே சீனியர் பெஞ்சிலும் உட்கார்ந்திருப்பான். மின் நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிஃப்ட். என்னைப் போல ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நைட் டியூட்டி. கிப்ஸ்லாந்து பால் பண்ணை நாடு, அதனால் பண்ணைப் பையன்கள் சாயங்காலக் கறவைக்குள் வீடு திரும்பியாக வேண்டும். ஆகஸ்ட் வந்தால் மாடு கன்று போடும் காலம். எங்கள் கோல்கீப்பர் அந்த மாதம் முழுக்கப் பண்ணையை விட்டு அசைய மாட்டார். நாங்களும் கூப்பிட மாட்டோம். மற்ற ஊர்களில் காயத்தால் ஆட்டக்காரர்களை இழப்பார்கள், நாங்கள் கன்றுக்குட்டியால் இழப்போம். 2017 மார்ச்சில் ஹேசல்வுட் மின் நிலையத்தை மூடியபோது சுமார் 750 பேருக்கு வேலை போனது. நான் வந்தது அதற்கு மறுவருஷம். ‘அவன் இருந்திருந்தால்’ என்று கான்டீனில் பேச்சு தொடங்கினால், அந்த ‘அவன்’ பெரும்பாலும் வேலை தேடி வேறு மாநிலம் போனவனாகத்தான் இருப்பான்.

தூரமும் ஒரு சோதனை. ஃபிலிப் தீவில் ஒரு கிளப் இருக்கிறது. பென்குயின் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் போவார்களே, அதே தீவுதான், பாலம் உண்டு. கிழக்கே சேல் ஊர்க்காரர்கள் அங்கே ஆடப் போனால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். என்னை ஆட வைத்ததும் அந்தத் தீவுப் பயணம்தான். மூன்று காரில் புறப்பட்டோம். போய் இறங்கி எண்ணினால் பத்துப் பேர். நான் கொடி பிடிக்கப் போனவன். நடுவர் ஒருவரைத்தான் லீக் அனுப்பியிருந்தது, பக்கக்கோட்டுக்குக் கிளப்புக்கு ஒருவர் நிற்க வேண்டும், பந்து வெளியே போனால் கொடி தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சீசன் தொடக்கத்தில் என் பெயரையும் பதிந்து வைத்திருந்தார்கள். வேறொருவன் பூட்ஸை வாங்கி, அரை சைஸ் பெரிது, இரண்டு சாக்ஸ் போட்டு இறங்கினேன். கடல் காற்றில் எங்கள் கோல்கிக் எங்கள் பக்கமே திரும்பி வந்தது. எத்தனை கோல் வாங்கினோம் என்று இங்கே எழுதுவதாக இல்லை. திரும்பும்போது காரில் யாரும் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. அழுக்கு ஜெர்சி மூட்டையை இந்த வாரம் யார் துவைப்பது என்பதில்தான் சண்டை.

இதில் ஜெயித்தால் எங்கே போகலாம் என்று கேட்பீர்கள். எங்கேயும் போக முடியாது. வட்டார லீக்கில் முதலிடம் வந்தால் தானாக மேல் டிவிஷனுக்குப் போகும் ஏற்பாடு கிடையாது. மேலே நாட்டின் முதல்நிலை லீக்கான ஏ-லீக்கும் கீழிருந்து யாரையும் ஏற்றிக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் மோர்வெல் ஃபால்கன்ஸ் 1992-லிருந்து தேசிய லீக்கில் ஆடியது. மெல்பர்ன், சிட்னி அணிகள் இந்த நிலக்கரி ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போயின. 2001-ல் அமெரிக்கன் சமோவாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 13 கோல் அடித்த ஆஸ்திரேலிய வீரர் ஆர்ச்சி தாம்சன் அதற்குமுன் அந்த அணியில் ஆடியவர். அதே 2001-ல் அந்தத் தேசிய அணியின் கதை முடிந்தது. ஃபால்கன்ஸ் 2000 என்ற பெயரில் ஒரு கிளப் இப்போது எங்களோடு வட்டார லீக்கில் ஆடுகிறது. பரிசு பெரிதில்லை என்பதால் மோதல் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மோர்வெல்லுக்கும் ட்ரரால்கனுக்கும் கால் மணி நேரத் தூரம்தான். ஞாயிறு முட்டிக்கொண்டவனையே திங்கள்கிழமை சூப்பர்மார்க்கெட் வரிசையில் பார்க்க வேண்டியிருக்கும்.

பையனுக்கு: எட்டு வயது என்றால் மினிரூஸ், சின்னப் பிள்ளைகளுக்கான கால்பந்து. சின்ன மைதானம், பக்கத்துக்கு ஏழு பேர், புள்ளிப் பட்டியல் கிடையாது. பதினோரு வயது வரை பட்டியல் இல்லாமல்தான். யார் ஜெயித்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. குழந்தைகள் மட்டும் மனதுக்குள் கணக்கு வைத்திருப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. கத்துவது பெரும்பாலும் பெற்றோர்தான். அப்படி ஒருவர் பக்கத்தில் நின்றால் கான்டீனுக்கு நகர்ந்துவிடுங்கள். அங்கே சோயா சாஸ் ஊற்றிய டிம் சிம் கிடைக்கும். கொழுக்கட்டையின் முரட்டுத் தம்பி. பன்றி, மாடு சாப்பிடாதவர்கள் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கிளப்புக்குக் காசு வருவதும் அந்த ஜன்னல் வழியாகத்தான், விலை பார்க்காமல் வாங்குங்கள்.

பதிவு பிப்ரவரியிலேயே ஆன்லைனில் ஆரம்பித்துவிடும், பிளே ஃபுட்பால் என்ற தளத்தில். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டும் ஷின் கார்டு கட்டாயம். முதல் வருஷம் பூட்ஸ் புதிதாக வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். கிளப்பில் பழையது ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். அப்புறம், குழந்தைகளோடு பணி செய்கிறவர்களுக்கான விக்டோரியா அரசின் சோதனை அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். தன்னார்வலர்களுக்கு இலவசம். ‘நான் எதற்கு, நான் கோச் இல்லையே’ என்பீர்கள். மூன்றாவது வாரம் கேட்பார்கள்.