பந்தல் நிறைய இலை, பூவை மட்டும் காணோம்: அவரைக்கு டானிக் தேவையா?

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக ஒரு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு மார்கழி முதல் வாரம் கோவைக்குத் திரும்பினேன். செவ்வந்தி தொட்டி கொள்ளாமல் பூத்திருக்கிறது. ஆடியில் விதைத்த அவரை பந்தலை மூடிவிட்டது. ஆனால் பூவே இல்லை. நாற்றுக் கடைக்காரர் 400 ரூபாய்க்கு ஒரு டானிக் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் பந்தல் இப்படித் தழைத்து நிற்பதைப் பார்த்து முதலில் மகிழுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. நம் நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். ஆனியில் 12¾ மணி நேரமாக இருந்த கோவையின் பகல், மார்கழியில் ஏறக்குறைய 11½ மணி நேரமாகச் சுருங்குகிறது. செவ்வந்தி பூத்திருப்பதும் இதே கணக்கில்தான். கொடியின் நுனிகளை விலக்கிப் பாருங்கள். இலைக் கணுவில் அரிசி மணி அளவில் மொட்டுக் கொத்து நிமிர்ந்திருந்தால் கவலையை விடுங்கள். இரவு முழுவதும் பந்தல்மேல் மாடி விளக்கு எரிந்தால் மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் பூப்பதைத் தள்ளிப்போடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செடி அவரை ரகங்கள் பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை. எந்த மாதம் விதைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். உங்களுடையது பந்தல் ஏறியிருப்பதால் கொடி அவரை என்றே கொள்கிறேன். ஆனாலும் பெயரும் பரிசோதனைத் தேதியும் இல்லாத பொட்டலத்தில் இரண்டையும் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இடுப்பளவிலேயே நின்றுவிட்ட செடி ஏதேனும் பூக்காமல் இருந்தால், அதற்குக் காரணம் நிழலோ மிகுதியான சாணமோதான். அதற்கும் டானிக் மருந்தாகாது.

டானிக் என்று விற்பதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இப்படி டானிக் என்று விற்கும் பயிர் ஊக்கிகளை, உர விற்பனையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது 2021இல். அதன் பிறகும், முழு அனுமதி கிடைக்கும் முன்பே விற்க விடும் தற்காலிகச் சான்றுக்கு மாற்றி மாற்றிக் கால நீட்டிப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்; அந்த இடைவெளியில்தான் யாரோ கலக்கிய திரவமெல்லாம் வீட்டு வாசல்வரை வந்தது. தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிடப்படாத பாட்டிலை, கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், கையில் வாங்காதீர்கள்.

இப்போதைக்குச் சாணத்தையும் பஞ்சகவ்யத்தையும் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். பனி இறங்கும் மாதம் என்பதால், விரலை இரண்டு கணு மண்ணில் விட்டு, ஈரம் தட்டாவிட்டால் மட்டுமே தண்ணீர் ஊற்றுங்கள். மொட்டுக் கொத்தில் அசுவினி கருப்பாய் மொய்த்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். காய்க்கத் தொடங்கியதும் மூன்று நாளுக்கொரு முறை பறித்துவிடுங்கள். முற்றிய காய் கொடியிலேயே தங்கினால் புதுப் பூ குறைந்துவிடும். நன்றாகக் காய்த்த கொடியில் நாலைந்து காய்களை மட்டும், உள்ளே விதை கலகலக்கும்வரை, அடுத்த ஆடிக்கு விட்டுவையுங்கள்.