தலையில் புண் இருக்கும்போது பேன் மருந்து தடவலாமா?

கேள்வி: என் 7 வயது மகளுக்குத் தலை நிறையப் பேன். சொறிந்து சொறிந்து பின்னந்தலை புண்ணாகி நீர் கசிகிறது. பேன் மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அது மூளைக்குள் இறங்கி வலிப்பை உண்டாக்கும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தடவப் பயமாக இருக்கிறது. அவளுக்கு 2 வயதில் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்தது. முடி கொட்டுமா, துணிகளையெல்லாம் கொதிக்க வைக்க வேண்டுமா, பிறந்து 6 வாரமான குழந்தைக்கும் முன்னெச்சரிக்கையாகத் தடவலாமா?

மருத்துவர் பதில்: கசியும் அந்தப் புண் ஆறும்வரை எந்தப் பேன் மருந்தையும் தலையில் வைக்காதீர்கள். தோல் முழுமையாக இருக்கும்போது அதுவே ஒரு தடுப்பு. தோல் உரிந்த இடத்திலோ மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், எரிச்சலும் கடுமையாக இருக்கும். நல்ல வெளிச்சத்தில் அவளுடைய முடியை வகிடு பிரித்து, காதுகளுக்குப் பின்னாலும் பிடரியிலும் நிதானமாகப் பாருங்கள். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தாலோ, சீழ் வைத்திருந்தாலோ, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தாலோ கிருமித் தொற்று ஏற்பட்டுவிட்டது என்று பொருள். பேன் தொல்லையாலேயே கழுத்தில் சிறிதாக நெறி கட்டுவது உண்டு. ஆனால் அந்த நெறி வலித்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தொற்றுக்குத்தான் முதல் சிகிச்சை. அதுவரை முடியை ஈரமாக்கி, கன்டிஷனர் தடவி, புண்ணைத் தொடாமல் பேன் சீப்பால் வாரி எடுத்துவாருங்கள்.

இனி வலிப்பைப் பற்றி. நீங்கள் படித்த செய்தி லின்டேன் என்ற ஒரு மருந்துக்குப் பொருந்தும். அதை எல்லாப் பேன் மருந்துகளின் மேலும் ஏற்றிச் சொல்வது பொறுப்பற்ற செயல். லின்டேன் தோல் வழியே உள்ளே சென்று நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது. அதனால் வலிப்பும் சில இறப்புகளும் நேர்ந்ததை அடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2003இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. சில புட்டிகளில் இதே மருந்து காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்ற பெயரில் இருக்கும். இவ்வளவு பயந்தும் வாங்கிய மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை; இணையத்தில் தேடுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்துகளைத்தான். அதில் லின்டேன் என்றிருந்தால், ஒருமுறை வலிப்பு வந்த, பெரியவர்களைவிட எடை குறைந்த உங்கள் மகளுக்கு அது வேண்டவே வேண்டாம். பெர்மெத்ரின் 1 சதவீதம் என்றிருந்தால், அது தோல் வழியே உள்ளே போவது மிகச் சொற்பம் என்பதால், முன்பு வந்த காய்ச்சல் வலிப்பு அதற்குத் தடையல்ல. ஆனால் செவ்வந்திப் பூவால் அவளுக்கு ஒவ்வாமையோ மூச்சிரைப்போ வந்ததுண்டு என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீரியம் கூடினால் நல்லது என்று நினைத்து, சிரங்குக்குத் தரப்படும் 5 சதவீத மருந்தை வாங்கிவிட வேண்டாம். மாலத்தியான் கலந்த திரவமாக இருந்தால், பெரும்பாலும் அதில் ஆல்கஹால் இருக்கும். அடுப்பு, விளக்கு, முடி உலர்த்தும் கருவி எதனருகிலும் அந்தத் தலையைக் கொண்டுபோகக் கூடாது. மண்ணெண்ணெயையும் பூச்சிக்கொல்லியையும் தலையில் ஊற்றுவது இன்னும் நடக்கிறது. அது குழந்தையின் உயிரோடு விளையாடுவது.

புண் ஆறியபின் பெர்மெத்ரின் தடவுவதானால், கன்டிஷனர் இல்லாமல் தலையை அலசித் துவட்டி, கண்களைத் துணியால் மூடச் சொல்லி, 10 நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். உடம்பெல்லாம் மருந்து வழியாதபடி அவளைக் குனியவைத்துத் தலையை மட்டும் கழுவுவது நல்லது.

பிறந்து 6 வாரமான குழந்தைக்குத் தடவக் கூடாது. 2 மாதம் நிறையாத குழந்தைக்குப் பெர்மெத்ரினும் கிடையாது. மேலும், உயிருள்ள பேனைக் கண்ணால் பார்க்காத எந்தத் தலைக்கும் முன்னெச்சரிக்கை மருந்து தேவையில்லை. மகளுக்குத் தடவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையைச் சோப்பால் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

மருந்தால் முடி கொட்டிவிடுமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்குமேல் பிழைக்காது. தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்தால் போதும்.

மருந்து போட்டபின் சில நாள்கள் அரிப்பு நீடிக்கும், பேன் முட்டைகளான ஈறுகளும் முடியில் ஒட்டியபடியே இருக்கும். உச்சந்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவை பெரும்பாலும் வெறும் கூடுகள். அவற்றைப் பார்த்துப் பதறி மறுநாளே மீண்டும் மருந்து போடுவதால்தான் தோல் வெந்துபோகிறது. தப்பிய ஈறுகள் பொரிக்க ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும் என்பதால், 9ஆம் நாள் பாருங்கள். ஊர்ந்து செல்லும் பேன் இருந்தால் மட்டும் இரண்டாம் முறை போடுங்கள். அதற்குப் பிறகும் பேன் ஊர்ந்தால் அந்த மருந்துக்கு அவை பழகியிருக்கலாம். மூன்றாம் முறை நீங்களாகவே போடாமல், மருத்துவரிடம் கேட்டு வேறு மருந்துக்கு மாறுங்கள்.